தேயிலை இல்லாததெல்லாம் புல்லு

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் பேசியது. புதிதாக நியமனம் பெற்ற கால்நடைப் போதனாசிரியர். ஓய்வு பெறும்வரை நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவர்தான் இருக்கிறார். அக்கரப்பத்தனைப் பக்கத்தில் மாடு வளர்க்கும் தோட்டத்து ஆட்களுக்குப் பயிற்சி வகுப்பு வைக்கிறார்களாம். அனுபவசாலி என்ற முறையில் நான் வந்து பேச வேண்டுமாம். தலைப்பு என்ன என்று கேட்டேன்.

"'இயற்கைத் தீவனம், நஞ்சில்லாப் பால்' சார். பேனர்கூட அடிச்சாச்சு."

"இயற்கைத் தீவனத்துல நஞ்சு இல்லன்னு யாரும்மா சொன்னது?"

"மேலிடத்துல இருந்து வந்த தலைப்பு சார்."

மேலிடத்துக்கு இந்த விஷயத்தில் எப்போதுமே ஓர் அலாதியான நம்பிக்கை உண்டு. தொழிற்சாலையில் செய்தால் விஷம், மண்ணில் முளைத்தால் மருந்து. இந்த ஒரு வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டு எத்தனை கூட்டம், எத்தனை பேனர், எத்தனை தேநீர் விருந்து! நான் வகுப்புக்குப் போகவில்லை. பேனருக்குக் கீழே நின்றுகொண்டு பேனரையே திட்டினால் அந்தப் பிள்ளைக்குத்தான் சங்கடம். அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். படிக்க மனமுள்ளவர்கள் படிக்கட்டும்.

நான் லிந்துலையில் பிறந்தவன். விவசாயப் பள்ளியில் டிப்ளோமா முடித்தேன், வேலை கிடைத்தது, மோட்டார் சைக்கிளில் மழையில் நனையத் தொடங்கினேன். என் இளமைக்காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. தோட்டங்களில் என்னை 'மாட்டு மாஸ்டர்' என்பார்கள். ஊசி போடுவது, சினைப்படுத்துவது, கன்று சிக்கிக்கொண்டால் கையை விட்டு இழுப்பது எல்லாம் என் வேலை. இவற்றைவிடக் கஷ்டமான வேலை, ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவர்களுக்கு விளக்கம் சொல்வது.

பொகவந்தலாவையில் ஒரு பால் சங்கத் தலைவர் இருந்தார். மழைக்காலத்தில் அவருடைய களஞ்சியத்தில் புண்ணாக்கு மூட்டைகள் ஈரம் குடித்துப் பச்சையாகப் பூத்திருந்தன. இதைக் கொட்டிப் புதையுங்கள் என்றேன்.

"என்னங்க மாஸ்டர், ரெண்டு நாள் வெயில்ல போட்டுத் தும்புக்கட்டையால தட்டுனா போயிரும். நாம என்ன மருந்தா அடிச்சோம்? தானா வந்த பூஞ்சணந்தானே."

தானாக வந்ததாம். பூஞ்சணத்தைத் தட்டிவிடலாம், அது புண்ணாக்குக்குள் கசியவிட்ட நஞ்சைத் தட்ட முடியாது. வெயிலுக்கும் அது அசையாது. மாட்டின் ஈரலுக்குப் போனதும் உருமாறி டி.என்.ஏ.யில் ஒட்டிக்கொள்ளும். டி.என்.ஏ. என்றால் ஏதோ கொழும்புச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். உயிரணு என்கிற ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இருக்கிற எழுத்து அது. கலம் இரண்டாகப் பிரியும்போது அதைப் பார்த்துத்தான் பிரதி எடுக்கும். ஓர் எழுத்தின் மேல் நஞ்சு அப்பிக்கொண்டால் பிரதியில் பிழை விழும். பிழை விழுந்த கலம் செத்துத் தொலைந்தால் நல்லது. சாகாமல் பெருகத் தொடங்கினால்தான் புற்றுநோய். இதையெல்லாம் அந்தத் தலைவரிடம் பொறுமையாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டார், இஞ்சிபோட்டுத் தேநீர் கொடுத்தார். மறுநாள் மூட்டைகளை வெயிலில் பரப்பியிருந்தார்.

இனி, எங்கள் டொக்டர். பெயர் வேண்டாம். வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த மிருக வைத்தியர், எனக்கு மேலதிகாரி. படிப்பில் குறை சொல்ல முடியாது. நடத்தைதான் தாங்காது. ஜீப் நின்றதும் முதலில் குடை வெளியே வரும், பிறகு ஒரு சப்பாத்துக் கால் வரும். சப்பாத்து மண்ணைப் பார்க்கும். பார்த்துவிட்டு உள்ளே போய்விடும்.

"மாட்டை றோட்டுக்குக் கொண்டாங்கோ" என்பார்.

வயிற்றோட்டத்தில் நிற்க முடியாத மாடும், கன்று போட்டு எழும்பாத மாடும் படி ஏறி றோட்டுக்கு வந்துதான் அவரிடம் தன் குறையைச் சொல்ல வேண்டும். கீழே போய்ப் பட்டியைப் பார்ப்பது என்னுடைய பொறுப்பு. "நீர் போய்ப் பாத்திட்டு வாரும்" என்று அனுப்புவார்.

நான் போய் என்னத்தைப் பார்க்க? தோட்டத்தில் யாரோ பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தால் நம் ஆட்கள் முதலில் செய்வது கூட்டிக் கழுவுவது. தலைமுறை தலைமுறையாகத் துரைமாருக்குத் தங்கள் வரிசை வீடுகளான லயத்தைக் காட்டிப் பழகிய பழக்கம். டொக்டர் வருகிறார் என்ற செய்தி முதல் நாளே போய்விடும். நான் இறங்கிப் போகும்போது சாணம் அள்ளி, தீனித்தொட்டி கழுவி, கழுவிய தொட்டியில் அழகுக்கு ஒரு பிடி நல்ல புல்லும் வைத்திருப்பார்கள். கல்யாண வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியதுபோல இருக்கும். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

நான் சொல்லவந்த கதை அக்கரப்பத்தனையில் ஒரு தோட்டத்தில் நடந்தது. ராமாயி அங்கே கொழுந்து எடுப்பவர். லயத்துக்குப் பின்னால் பட்டி கட்டி ராணி என்ற பசுவையும், அதன் மகளான இன்னொரு பசுவையும் வைத்திருந்தார். காலையில் கறக்கும் பால் நேரே பிள்ளைக்காம்பராவுக்குப் போகும். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. ராமாயியின் பேத்தியும் அங்கேதான் இருந்தது. அந்தப் பாலில் ராமாயி தண்ணீர் கலந்தார் என்று யாரும் எந்த நாளும் சொன்னதில்லை.

களைகொல்லி கிடைக்காமல் போயிருந்த காலம் அது. தேயிலைக்கு நடுவில் மண்டியதையெல்லாம் கையால்தான் வெட்ட வேண்டும். தோட்டத்தில் அந்த வேலைக்குப் பெயர் 'புல்லு வெட்டு'. வெட்டியதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று தோட்டத்து உதவி நிர்வாகியான சின்னத்துரை அனுமதி கொடுத்திருந்தார். அவருக்கு அதில் பெரிய பெருமை. தோட்டமும் துப்புரவாகிறது, மாட்டுக்கும் இலவசத் தீனி, ஒரு சொட்டு மருந்து இல்லை. வருகிற பெரிய மனிதர்களிடமெல்லாம் இதைக் கதை கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த ராணி சிவப்பாக மூத்திரம் பெய்யத் தொடங்கியது. மாட்டுக்குச் சிவப்பு மூத்திரம் போனால் உடனே ஊசியைத் தூக்கக் கூடாது. கண்ணாடிப் போத்தலில் பிடித்து அசையாமல் வைக்க வேண்டும். சிவப்பு அப்படியே கலந்து நின்றால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். இரத்தக் கலங்கள் உடம்புக்குள்ளேயே உடைந்து சாயமாக வருகிறது. சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்தால் அது முழு இரத்தம், சிறுநீர்ப் பாதையில் எங்கோ புண் இருக்கிறது. இதில் டொக்டர் அவசரப்படமாட்டார். போத்தலை ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்துவிட்டு, குடைக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு, அது தெளியும்வரை யாரோடும் பேசாமல் நிற்பார். அந்த நேரத்தில் மட்டும் அவரைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

ராணியின் போத்தலில் சிவப்பு அடியில் படிந்தது. டொக்டர் சரியான கேள்வியைத்தான் கேட்டார்.

"அம்மா, மாட்டுக்கு என்ன தீன் போடுறனீங்கள்?"

"புல்லுதாங்க ஐயா."

"புல்லு மட்டுமோ? வேற ஒண்டும் இல்லையோ?"

"வேற என்னத்தங்க போடப்போறேன்? சுத்தமான புல்லு. மருந்தடிக்காத புல்லு."

அவர் தலையை ஆட்டினார். சிறுநீர்ப்பையில் கிருமி என்று முடிவுசெய்து ஊசி போட்டார். இரத்தம் குறைந்தது, பிறகு வந்தது. மறுபடியும் றோட்டு, மறுபடியும் போத்தல், மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். பசு எலும்பும் தோலுமாகிவிட்டது. ராணியின் பால் வற்றியதும் மகள் பசுவின் பால் மட்டும் பிள்ளைக்காம்பராவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

டொக்டர் சிங்களவராக இருந்திருந்தால் நடுவில் நான் நின்று மொழிபெயர்த்திருப்பேன். என்ன புல்லு, எங்கே வெட்டியது என்று இரண்டு வார்த்தை கூடுதலாகக் கேட்டாக வேண்டி வந்திருக்கும். இரண்டு பேரும் தமிழ் பேசினார்கள். அதனால் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. எங்கள் மாடு செத்தது இந்தத் தாய்மொழிப் பாசத்தால்தான்.

ராணி ஒருநாள் படுத்தது, எழும்பவில்லை. செத்த மாட்டை றோட்டுக்குக் கூப்பிட முடியாது. டொக்டர் முதல்முறையாக லயத்துப் படிகளில் இறங்கினார். சப்பாத்து போன போக்கைப் பார்த்துச் சிரிக்க எனக்கு ஆசைதான், ராமாயி முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். திடீர் வரவு என்பதால் யாரும் எதையும் கூட்டிக் கழுவியிருக்கவில்லை.

அவர் வயிற்றைத் திறந்தார். ஈரல் நன்றாக இருந்தது, சிறுநீரகமும் பரவாயில்லை. சிறுநீர்ப்பையை வெட்டி விரித்ததும் அவர் கை நின்றுவிட்டது. உள்சுவர் முழுவதும் கறுஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாகக் கட்டிகள், கோழிக்கொண்டை மாதிரி. சில இன்னும் கசிந்துகொண்டிருந்தன.

"இது பன்னம் திண்ட மாடு" என்றார். என்னிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. பிறகு நிமிர்ந்து ராமாயியைப் பார்த்துக் கத்தினார்.

"ஏன் பொய் சொன்னனீங்கள்? எத்தனை தரம் கேட்டனான்!"

ராமாயி அழுதுகொண்டிருந்தவர், அழுகையை நிறுத்திவிட்டார்.

"நா என்னங்க பொய் சொன்னேன்? புல்லுன்னேன். புல்லுதான் போட்டேன். அந்தா கெடக்கு, நீங்களே பாருங்க."

பட்டிச் சுவரோரம் அன்று காலை இறக்கிய கட்டு கிடந்தது. டொக்டர் சேற்றில் நடந்து போய் அதை அவிழ்த்தார். கால்வாசி புல். மீதியெல்லாம் பன்னம், பெரணி என்றும் சொல்வார்கள், காட்டோரத்திலும் தேயிலை மலை எல்லையிலும் இடுப்பளவுக்கு வளர்ந்து நிற்கிற முரட்டு ஜாதி. கோடையில் புல் காய்ந்தாலும் அது பச்சையாக நிற்கும். ஒரு தண்டை உருவி ராமாயிக்கு முன்னால் நீட்டினார்.

"இது புல்லோ?"

ராமாயி அவரை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பின்ன என்னங்க, தேயிலையா? தேயிலை இல்லாததெல்லாம் புல்லுதானேங்க."

அவர் சொன்னது முழுக்கச் சரி. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் கங்காணி பேர் பிரித்துச் சொல்லும்போது 'நீ புல்லு வெட்டுக்குப் போ' என்றால், போகிறவர் தேயிலையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் வெட்ட வேண்டும். கொடியும் புல்லு, செடியும் புல்லு, பன்னமும் புல்லு. இந்தத் தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து உலகத்தில் இரண்டே இரண்டு தாவரங்கள்தான். ஒன்று துரைக்கு வேண்டியது, மற்றது வேண்டாதது. வேண்டாததற்கு வகைவகையாகப் பெயர் வைக்க எங்கள் ஆட்களுக்கு யார் நேரம் கொடுத்தார்கள்?

டொக்டர் கையைக் கழுவினார். ஜீப்புக்குத் திரும்பியதும் எனக்கு விளக்கினார். பன்னத்தில் இருக்கிற நஞ்சு இரைப்பையில் பெரிதாக ஒன்றும் செய்யாது. மாட்டின் சிறுநீர் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரத்தில்தான் அது வீரியம் பிடிக்கிறது. பையில் தேங்கி நிற்கும்போது சுவரில் உள்ள கலங்களின் டி.என்.ஏ.யில் ஒட்டி அதை அறுக்கிறது. ஒருநாள் தின்றால் தெரியாது. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தின்றால் இப்படி. கிருமி இல்லை, கண்ணூறு இல்லை, ஊசிக்கு வேலையும் இல்லை.

"பால்?" என்று கேட்டேன்.

அவர் சப்பாத்திலிருந்த சேற்றைத் தட்டினார். "பாலிலயும் போகும்" என்றார். "மற்ற மாடும் உந்தப் பன்னத்தைத்தானே திண்டது."

நேரே தோட்ட அலுவலகத்துக்குப் போனோம். சின்னத்துரை கேட்டார், கைபேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இது இயற்கையான புல்லு தானே டொக்டர்? நாங்க கெமிக்கல் ஒண்ணும் பாவிக்கலையே."

இயற்கை என்பது அவருக்கு நீதிமன்றத்தில் காட்டுகிற பிணைப்பத்திரம் மாதிரி. டொக்டர் விளக்க விளக்க அவர் முகத்தில் கவலை வந்தது. மாட்டைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ வந்த கவலை இல்லை. "பிள்ளைக்காம்பரான்னு வாய தொறக்காதீங்க. பொம்பளைங்க வேலைக்கு எறங்கமாட்டாங்க. கொழுந்து கூடின நேரம். மாட்டுக்குக் குடுக்க வேணாம்னு மட்டும் ஒரு அறிவித்தல் போடுவோம்" என்றார். டொக்டர் மறுத்தார். பால் விஷயத்தையும் எழுத வேண்டும் என்றார். மேலே பேசி முடிவு சொல்வதாகச் சின்னத்துரை சொன்னார். மேலே பேசி வந்த முடிவும் சின்னத்துரை முதலில் சொன்னதுதான்.

ராமாயிக்கு மட்டும் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் பிள்ளைக்காம்பராவுக்குப் பால் கொண்டுபோகவில்லை, கறந்து குழியில் ஊற்றினார். வாயைத் திறக்கக் கூடாது என்று சின்னத்துரை ஆள் அனுப்பியிருந்ததால் காரணம் சொல்லவும் இல்லை. லயத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. டவுன் ஹோட்டலுக்குக் கூடுதல் விலைக்கு விற்கிறாளாம், பச்சைக் குழந்தைகள் வாயில் மண்ணைப் போட்டுவிட்டாளாம். கூடவே கொழுந்து எடுத்தவர்கள் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள்.

அறிவித்தல் வாசிக்கிற நாளில் டொக்டரையும் என்னையும் பெரட்டுக்கு வரச்சொன்னார்கள். பனி விலகாத காலை. பெண்கள் கூடையும் இடுப்பில் சுற்றிய படங்குமாக நின்றார்கள். சின்னத்துரை தாளைப் பிடித்து வாசித்தார்:

"பன்னத் தாவரங்களைக் கால்நடைகளுக்கு உணவாக வழங்குவதை முற்றாகத் தவிர்த்துக்கொள்ளுமாறு இத்தால் அறியத்தருகிறோம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பன்னம் என்றால் என்ன என்று அங்கே நின்ற பெண்களில் ராமாயியைத் தவிர யாருக்கும் தெரியாது. பாடப்புத்தகத்துக்கு வெளியே அந்தச் சொல் எங்கள் தோட்டத்தில் காலடி வைத்ததே இல்லை. இப்படி ஒரு தாளைத் தயாரிக்க ஓர் அலுவலகமே உட்கார்ந்து யோசித்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

பெரட்டு கலையப்போன நேரத்தில் செல்வி என்ற இளம் தாய், இடுப்பில் பிள்ளையோடு நின்றவள், உரக்கச் சொன்னாள்:

"மாட்டுக்குச் சொன்னீங்க, சரிங்க. புள்ளைங்களுக்குப் பால நிறுத்தினவளுக்கு ஒண்ணும் சொல்லலியே?"

கூட்டம் ராமாயியைத் திரும்பிப் பார்த்தது. ராமாயி முன்னால் வந்தார். வழியில் பிடுங்கியது போலும், கையில் ஒரு பன்னத் தண்டு இருந்தது. அதைத் தூக்கிக் காட்டினார்.

"தொர சொன்னது இதத்தான். நாம வெட்டுற புல்லுல இதுவும் புல்லு. இதத் தின்னுதான் ஏ ராணி செத்துச்சு. இதுல உள்ள விஷம் பால்லயும் எறங்குமாம். அதான் நிறுத்துனேன். ஏ பேத்தியும் அந்தப் பாலத்தான் குடிச்சிச்சு. நா யாருக்கும் விக்கல."

சின்னத்துரை ஏதோ சொல்ல வாயெடுத்தார், யாரும் அவரைக் கவனிக்கவில்லை. செல்வி ராமாயியை விட்டுவிட்டு டொக்டரிடம் வந்தாள்.

"நெசமாங்க ஐயா?"

"ஓம் அம்மா."

"சரி, இனிமே குடுக்கல. இதுவரைக்கும் குடிச்சதுக்கு என்னங்க செய்யணும்?"

சின்னத்துரை டொக்டரின் தோளருகே குனிந்து, "ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க" என்று முணுமுணுத்தார். எனக்குக் கேட்டது, செல்விக்கும் கேட்டிருக்கும்.

"குடிச்சது கொஞ்சம்" என்றார் டொக்டர். "அனேகமா ஒண்டும் வராது. ஆனா வராது எண்டு சத்தியம் பண்ண என்னால ஏலாது. உள்ளுக்கு ஒட்டினதைக் கழுவி எடுக்க மருந்தும் இல்லை. எனக்குத் தெரியாதம்மா."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இவ்வளவு படிச்சீங்க?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். டொக்டர் கோபப்படவில்லை. செல்வி பிள்ளையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு, அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று அவருக்கு முன்னாலேயே நின்றாள்.